சித்தப்பாவைக் கேளுங்கள்: ஒரே தேதியில் போனவர்கள்

போன இதழில் ஜூலை 4 பற்றிப் போகிற போக்கில் ரெண்டு வரி எழுதினேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த வாரம் முழுக்க அதே சங்கதிதான்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: அமெரிக்க ஜனாதிபதிகள் இரண்டு பேர் ஒரே நாளில் இறந்தார்களாமே, கதையா நிஜமா சித்தப்பா?

நிஜம், தாயி. ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன். நாள், 1826 ஜூலை 4. அவர்கள் நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்துக்கு அன்றைக்குச் சரியாக 50 வயது. பிரகடனத்தை எழுதியவர் ஜெபர்சன், சபையில் வாதாடி நிறைவேற்ற வைத்தவர் ஆடம்ஸ்.

ஜெபர்சன் வர்ஜீனியாவில் பகல் ஒரு மணி வாக்கில் போனார். ஆடம்ஸ் மாசசூசெட்ஸில் சாயங்காலம் ஆறுக்கு மேல். தந்தி வராத காலம். ஜெபர்சன் இன்னும் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் ஆடம்ஸ் கண்மூடினார் என்பார்கள். சிநேகிதன் ஐந்து மணி நேரம் முந்திக்கொண்ட சேதி கடைசிவரை அவருக்குத் தெரியாது.

தபால் ஊழியர், விருதுநகர்: இருவரும் ஜென்ம எதிரிகள் என்று படித்திருக்கிறேனே?

பாதி சரி. 1800 தேர்தலில் ஆடம்ஸை வீட்டுக்கு அனுப்பியவரே ஜெபர்சன்தான். பதவியேற்பைப் பார்க்கப் பொறுக்காமல் ஆடம்ஸ் விடியுமுன் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் காய்தான். பெஞ்சமின் ரஷ் என்று ஒரு டாக்டர், இருவருக்கும் வேண்டியவர், இங்கே நாலு வார்த்தை, அங்கே நாலு வார்த்தை என்று பேசிப் பேசிப் பழம் விட வைத்தார்.

1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் முதல் கடிதத்தைப் போட்டார். பிறகு 14 வருஷம், 150க்கு மேல் கடிதங்கள். ஆடம்ஸ் ரெண்டு எழுதினால் ஜெபர்சன் ஒன்று எழுதுவார். கிழவர் அதைக் கணக்குப் பார்க்கவில்லை. இருவரும் மறுபடி நேரில் சந்திக்கவே இல்லை. ஐயா, அந்தச் சிநேகம் முழுக்க வாழ்ந்தது உங்கள் தபால் பைக்குள்தான்.

வாசகர், திருச்சி: ஜூலை 4இல் வேறு யார் யார்?

ஐந்தாவது ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ, 1831. விவேகானந்தர், 1902, பேலூர் மடத்தில், 39 வயதில். மேரி கியூரி, 1934. அவர் கையாண்ட கதிர்வீச்சுதான் அவர் ரத்தத்தைக் குடித்தது.

நாலாவது ஜனாதிபதி மேடிசன் ஆறே நாளில் தவறவிட்டார், 1836 ஜூன் 28. மருந்து கொடுத்து ஜூலை 4 வரை இழுத்துப் பிடிக்கட்டுமா என்று கேட்டார்களாம். வேண்டாம் என்றுவிட்டாராம். மானஸ்தர்!

கணக்கு ஆசிரியர், நாமக்கல்: தெய்வச் செயலா, தற்செயலா?

உங்கள் பாடத்திலேயே பதில் இருக்கிறது சார். ஒரு அறையில் 23 பேர் இருந்தால், யாரோ இருவருக்காவது ஒரே பிறந்த தேதி இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். இறந்த தேதிக்கும் அதே கணக்குதான். ஜனாதிபதிகளிலேயே பில்மோரும் டாஃப்டும் மார்ச் 8. ட்ரூமனும் ஃபோர்டும் டிசம்பர் 26. அதற்கெல்லாம் யாரும் மெய்சிலிர்க்கவில்லை.

ஆனால் சேர்ந்து ஒரு காரியம் செய்த இருவர், அந்தக் காரியத்தின் தேதி, அதுவும் ஐம்பதாவது வருஷம் என்று அடுக்குங்கள். அங்கே கணக்கு வாத்தியாரே சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

வழக்கறிஞர், சேலம்: நம் பக்கம் அப்படி ஒரு ஜோடி உண்டா?

ஒரே ஒரு நாளில் நழுவிப்போன ஜோடி உண்டு. உங்கள் ஊர் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. பக்கத்து ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த பெரியார். ராஜாஜி 1972 டிசம்பர் 25. பெரியார் 1973 டிசம்பர் 24. வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி. இருவருக்குமே 94 வயது.

1937இல் இந்திக்காக மோதினார்கள், 1953இல் குலக்கல்விக்காக மோதினார்கள். நடுவில் 1949இல் திருவண்ணாமலையில் தனியே உட்கார்ந்து பேசினார்கள். ராஜாஜிக்குக் கொள்ளி வைத்த இடத்துக்குப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார். மேடையில் விட்டுக்கொடுக்காத மனிதர், சுடுகாட்டில் விட்டுக்கொடுத்தார். எனக்கு ஆடம்ஸ், ஜெபர்சன் கதையைவிட இதுதான் உசத்தி.

வாசகி, கொச்சி: டிசம்பர் 24க்கு எங்கள் ஊரில் ஒரு பங்கு உண்டு, தெரியுமா?

தெரியாமலா! வாஸ்கோ ட காமா, 1524 டிசம்பர் 24, உங்கள் கொச்சியில். எலும்புகளை 1539இல் போர்ச்சுக்கலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். புதைத்த இடத்துக் கல் மட்டும் கோட்டைக் கொச்சி தேவாலயத்தில் இருக்கிறது. அதே தேதியில் பெரியார், 1987இல் எம்.ஜி.ஆர். மூன்று பேரையும் ஒரே படகில் ஏற்றினால் யார் துடுப்புப் போடுவது என்றே பஞ்சாயத்து முடியாது.

நூலகர், புதுக்கோட்டை: ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்ததால்தானே உலகப் புத்தக தினம்?

ஏட்டில் ஒரே நாள், 1616 ஏப்ரல் 23. வானத்தில் இல்லை. ஸ்பெயின் புதுக் காலண்டருக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து பழசிலேயே இருந்தது. ரெண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். செர்வாண்டிஸ் மண்ணுக்குள் போன பிறகும் ஷேக்ஸ்பியர் பத்து நாள் மூச்சு விட்டார். போதாததற்கு, செர்வாண்டிஸ் 22ஆம் தேதியே இறந்து 23இல் அடக்கமானார் என்பதே ஆராய்ச்சிக்காரர்கள் பலரின் முடிவு.

இருந்தாலும் யுனெஸ்கோ 1995இல் அந்தத் தேதியைத்தான் புத்தகத்துக்குக் கொடுத்தது. கொண்டாடுங்கள். 1992இல் சத்யஜித் ராய் போனதும் அதே ஏப்ரல் 23. அவரும் புத்தகக்காரர்தான்: எழுதினார், அட்டைப்படம் வரைந்தார்.

அதே நூலகர்: காலண்டர் மாறிய இரவில் யாராவது இறந்திருந்தால்?

இறந்தாரே! அவிலாவின் புனித தெரசா. 1582 அக்டோபர் 4 இரவு. விடிந்தால் அக்டோபர் 15. நடுவில் பத்து நாளைப் போப்பாண்டவர் கிழித்துப் போட்டுவிட்டார். உலகத்திலேயே நீளமான ராத்திரி அது.

வாசகர், யாழ்ப்பாணம்: கென்னடி சுடப்பட்ட அன்றைக்கே இரண்டு எழுத்தாளர்களும் இறந்தார்களாம்?

1963 நவம்பர் 22. நார்னியா கதைகள் எழுதிய சி.எஸ். லூயிஸ் ஆக்ஸ்போர்டில். அல்டஸ் ஹக்ஸ்லி லாஸ் ஏஞ்சல்ஸில். டல்லாஸில் கென்னடி மேல் குண்டு பாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு லூயிஸ் போய்விட்டார். மறுநாள் பேப்பரில் இருவருக்கும் இடம் ஏது?

இன்னொன்று. நம் கடிகாரத்தைப் பாருங்கள். லூயிஸ் போனபோது இங்கே 22ஆம் தேதி ராத்திரி 11 மணி. கென்னடி இறந்ததாக அறிவித்தபோது 23 பிறந்து அரை மணி. ஹக்ஸ்லியின் முறை வந்தபோது நம் வாசலில் கோலமே போட்டாயிற்று. மூன்று பேரும் ஒரே நாளில் இறந்தது அமெரிக்கக் கணக்கில்தான்.

தமிழாசிரியை, தூத்துக்குடி: பாரதி செப்டம்பர் 11ஆ, 12ஆ?

உயிர் பிரிந்தது 1921இல், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். இங்கிலீஷ் கணக்கில் 12. விடிந்தால்தான் மறுநாள் என்ற நம் கணக்கில் 11. அரசாங்கம் 11ஐ வைத்துக்கொண்டது. பாரதிக்கு வெள்ளைக்காரன் கடிகாரம் வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

ஓதுவார், மயிலாடுதுறை: நாயன்மார்களை மறந்துவிட்டீரே?

மறப்பேனா? வைகாசி மூலம். உங்கள் பக்கத்து ஆச்சாள்புரத்தில் சம்பந்தர் கல்யாணம். மணப்பந்தலிலிருந்தே சோதியில் கலந்தார். கூடவே திருநீலகண்ட யாழ்ப்பாணர், முருக நாயனார், திருநீலநக்கர். நால்வருக்கும் ஒரே குருபூசை. ஆடிச் சுவாதியில் சுந்தரர் வெள்ளை யானையில் போக, சேரமான் பெருமாள் குதிரையில் பின்தொடர்ந்தார். சிநேகம் என்றால் அது.

நமக்கு நாள் என்பது நட்சத்திரமும் திதியும்தான். எங்கள் தாத்தாவும் பாட்டியும் ஒன்பது வருஷ இடைவெளியில் போனார்கள். தேதி வேறு வேறு. திதி ஒன்று, ஐப்பசி தேய்பிறைப் பஞ்சமி. வருஷா வருஷம் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு இலை விழும். பாட்டியின் இலையில் மட்டும் சுண்டைக்காய் வற்றல் கூடுதலாக இருக்கும், தாத்தாவுக்கு ஆகாது.

பத்தாம் வகுப்பு மாணவன், பொள்ளாச்சி: பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் மார்ச் 23. இது என்ன தற்செயல்?

தற்செயல் இல்லை தம்பி, தூக்குக் கயிறு. 24 காலையில் போட வேண்டியதை முந்தின நாள் சாயங்காலமே போட்டார்கள். ஜனங்களைப் பார்த்து அவ்வளவு பயம். 1801 அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். அதுவும் அதே கயிறுதான்.

இசைக் கலைஞர், தஞ்சாவூர்: ஒரே நாளில் இறந்ததால் நஷ்டப்பட்டவர் யார்?

உங்கள் ஜாதிக்காரர்தான், சங்கீத ஜாதி. செர்கெய் ப்ரோகோபியேவ். பீட்டரும் ஓநாயும் என்று குழந்தைகளுக்கு வாத்தியங்களை அறிமுகம் செய்துவைத்த மகான். 1953 மார்ச் 5, மாஸ்கோவில் போனார். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டாலினும் போனார்.

செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் வீடு. ஸ்டாலினைப் பார்க்க வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டது. மூன்று நாள் பெட்டியை வெளியே எடுக்க வழியில்லை. ஊரிலிருந்த பூவெல்லாம் ஒரே இடத்துக்குப் போய்விட்டது, இவருக்கு ஒரு கொத்துகூடக் கிடைக்கவில்லை. சோவியத் இசைப் பத்திரிகையில் முதல் 115 பக்கம் ஸ்டாலினுக்கு. 116ஆம் பக்கத்தில் இவருக்குச் சின்னதாக ஒரு சேதி. அதுவும் இசைப் பத்திரிகையில்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

குடும்பத்தலைவி, உசிலம்பட்டி: எங்கள் தாத்தா 1987 டிசம்பர் 24 அன்று இறந்தார். எம்.ஜி.ஆர். இறந்த நாள். பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, மாலை கிடைக்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண்களே வந்துசேர முடியவில்லை. அம்மா இன்றைக்கும் சொல்லி அழுவார். யாருக்குமே அவரை நினைவில்லை, சித்தப்பா.

தாயி, தாத்தாவின் பெயர், என்ன தொழில் செய்தார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. போட்டோ இருந்தால் அதையும் வை. வருகிற டிசம்பர் 24ஐ ஒட்டிய இதழில் இந்தப் பகுதியின் முதல் கேள்வி உன் தாத்தாவைப் பற்றியது. எம்.ஜி.ஆர். இரண்டாவதாக வருவார். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.