அடைகாப்பது யார்? பஞ்சாரவியலில் ஒரு முன்னோட்ட ஆய்வு

கோழி முட்டைமேல் 21 நாள் உட்காருகிறது என்பது உலகறிந்த செய்தி. அந்த 21 நாளும் வீட்டு அப்பத்தா எங்கே உட்காருகிறார் என்பதை மட்டும் அறிவுலகம் கேட்காமலே விட்டுவிட்டது. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு. ஆய்வுக்களம், சிவகங்கைச் சீமையின் திண்ணைகளும் கொல்லைப்புறங்களும் குலுக்கைக்குப் பின்னாலுள்ள இருட்டு மூலைகளும். கருதுகோள் சிறியது: அடை கிடப்பது கோழி, காப்பது அப்பத்தா.

முன்னோர் ஆய்வுகளைச் சொல்லாமல் மேலே போனால் நெறியாளர் கோபித்துக்கொள்வார். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில், அடையிலிருந்த முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கழிந்ததும் இதயம் ஒரு ரத்தப்புள்ளியாகத் துடிப்பதை எழுதிவைத்தார். அவர் வீட்டில் அப்பத்தா இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எங்கள் பக்கம் அடைக்கூடையில் கைவைத்து முட்டை உடைத்திருந்தால் முதல் நாளே விறகுக்கட்டை பறந்திருக்கும். கருவியல் என்றொரு துறையே பிறந்திருக்காது. நார்வேக்காரரான ஷெல்டெரப் எப்பே சிறுவயது முதல் கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்தும் என்ற வரிசையை 1920களின் தொடக்கத்தில் வெளியிட்டார். வரிசையின் உச்சியில் நிற்கும் கோழியைக் கண்டவர், அந்தக் கோழியையும் அதட்டும் ஒருவரைக் கணக்கில் எடுக்காமல் விட்டது வியப்புக்குரியது.

இனி அடையின் நோய்க்குறிகள். முட்டையிட்டு முடித்த கோழி கூட்டைவிட்டு எழ மறுக்கும். கை நீட்டினால் இறகு சிலிர்த்து இரண்டு மடங்கு பருத்து, அடித்தொண்டையில் உறுமும். நெஞ்சுப்பக்க இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படும். எல்லாம் புரோலாக்டின் என்ற சுரப்பின் வேலை. நாமக்கல் பண்ணைகளில் ஆண்டுக்கு 300 முட்டைவரை இடும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழிகளிடம், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, இந்தக் குணத்தைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள். நாட்டுக்கோழியோ ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் "என் கடமை முடிந்தது, இனி உன் கடமை" என்று படுத்துவிடுகிறது.

அப்பத்தாவிடமும் இதே குறிகள் காணப்பட்டன. மூலையைவிட்டு நகர்வதில்லை. பேரப்பிள்ளைகள் நெருங்கினால் உறுமல். சுரப்பளவைச் சோதிக்க ரத்தம் கேட்டபோது, "முதல்ல ஒன் ஒடம்புல ரத்தம் இருக்கான்னு பாருப்பா" என்ற பதிலே தரவாகக் கிடைத்தது.

அடை வேண்டாத கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், அதன் இறகையே மூக்கில் செருகிவிடுவதும் மரபு. கோழிக்கு எரிச்சல் வந்து எழுந்து அலைந்து, சில நாளில் அடை தெளியும். இச்சிகிச்சையை அப்பத்தாவுக்கு நீட்டிப்பது ஆய்வு அறத்துக்கு ஒவ்வாது. ஆய்வாளரின் நலனுக்கும் ஒவ்வாது.

முட்டை வைக்கும் முறையில்தான் சிக்கல் அடர்கிறது. கூடையில் மணலோ தவிடோ பரப்பி, மேலே வைக்கோல். முட்டைகள் 9, 11, 13 என ஒற்றைப்படையில். கூடவே ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு அதைத் தடுக்கும் என்பது இடிவாதிகளின் கொள்கை. மிளகாய் எதைத் தடுக்கிறது என்று கேட்டதற்கு அவர்களிடையே மூன்று உட்பிரிவுகள் தோன்றின.

நான் இடிவாதி அல்லன். ஆனால் அவர்களை முழு மூடர் என்றும் சொல்லமாட்டேன். நம்மூரில் பெரிய இடி கோடைமழையோடு வருவது. அந்தச் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில், அடைக்கு வைக்குமுன் முட்டைகளைச் சேர்த்துவைக்கும் நாட்களிலேயே கேடு தொடங்கிவிடுகிறது. கோழி உட்காராமலே அந்தச் சூட்டில் கரு அரைகுறையாய் வளரத் தொடங்கி, வளர முடியாமல் செத்துப்போகிறது. முட்டையைக் கெடுத்தது வெயில். பழி விழுந்தது இடிமேல். வெயில் சத்தம் போடுவதில்லை, அதனால் தப்பித்துக்கொள்கிறது. சேர்த்த முட்டையை ஈரமணலில் புதைத்த பானைக்குள் வைக்கும் அப்பத்தாக்கள் இதை எந்தக் கோட்பாடும் இல்லாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களும் இரும்பை எடுத்துவிடவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கரு உள்ளதில் சிலந்திவலைபோல ரத்தநாளங்கள் தெரியும்; தெளிவாயிருப்பது ஆகாத முட்டை. நாளுக்கொரு முறை கோழி இறங்கி, பதினைந்து இருபது நிமிடத்தில் தின்று, குடித்து, புழுதியில் புரண்டு, ஊரே மூக்கைப் பொத்தும்படி ஒரு பெரிய கழிவைப் போட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும். அந்த இடைவெளியில் முட்டைகளைத் துணியால் மூடிக் காவல் இருப்பது யார் என்ற கேள்வியோடு என் கருதுகோள் பாதி நிறுவப்பட்டுவிடுகிறது.

பொரிக்கும் நாள் நெருங்கினால் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு கீச்சிடும். தாய் வெளியிலிருந்து முனகலாய்ப் பதில் சொல்லும். உரையாடலில் மூன்றாவதாக நுழைபவர், முட்டையைக் காதில் வைத்து "என்னடா ராசா" என்கிறார். அலகு நுனியிலுள்ள சிறு முள்ளால் குஞ்சு ஓட்டில் பொத்தலிடும். அதன்பின் பாதிநாள், சிலசமயம் ஒருநாள், ஒன்றும் நடவாததுபோல் கிடக்கும். இங்கேதான் பேரன்மார் நகத்தால் உரித்து உதவ முனைவார்கள். கூடாது. உள்சவ்வில் ரத்தம் இன்னும் ஓடுகிறது, மஞ்சள்கரு வயிற்றுக்குள் முழுதும் இறங்கியிருக்காது. உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும்.

அந்த மஞ்சள்கருவே முதல் இரண்டு நாளுக்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அப்பத்தா இதை ஏற்பதில்லை. இறகு காயுமுன்னே நொய்யரிசி வந்துவிடும். மறுநாளிலிருந்து கரையான் தேடல்: பழம்பானையில் சாணியும் சாக்குத்துணியும் வைத்துப் புற்றருகே இரவில் கவிழ்த்தால் விடியலில் விருந்து தயார். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்ற பழமொழியைச் சொன்னவர் கோழியைக் கவிழ்த்து அடைக்கும் கூடையான பஞ்சாரம் குறுகியிருக்க, அதற்குள் கனத்த கோழியைப் பார்த்திராதவர். பருந்தை ஏமாற்றக் குஞ்சுகளுக்கு ரோஸ் சாயம் பூசுவதைப் பற்றி, பருந்துகளைப் பேட்டி காணாமல் முடிவு சொல்வதற்கில்லை. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் விடும் தடுப்பூசிச் சொட்டு மட்டும் விளையாட்டல்ல. அதைத் தவறவிட்டால் பின்னால் பஞ்சாரமே காலியாகும்.

தீராத சிக்கல் ஒன்று மிச்சம். என் முட்டை, உன் கோழி என்றால் குஞ்சில் பாதிப்பாதி வாரம். முட்டை வைப்பது ஒற்றைப்படை, பங்கு பிரிப்பதோ இரட்டைப்படை. பதினொன்றும் பொரித்துவிட்டால் பதினோராவது குஞ்சு யாருக்கு? பெட்டையானால் முட்டைக்காரிக்கு, சேவலானால் கோழிக்காரிக்கு என்று ஒரு தீர்ப்பு உண்டு. ஆனால் பால் தெரியவே வாரக்கணக்கில் ஆகும், அதுவரை இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை. கள ஆய்வில் கண்ட நடைமுறைத் தீர்வு, அந்தக் குஞ்சைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிடுவது. சாமிக்கு அறுத்த கறிக்குழம்பு இரண்டு வீட்டுக்கும் போகிறது; ஈரல் யாருக்கு என்பது அடுத்த ஆய்வேட்டுக்குரியது.