பாரிஸ் கடிதம்: வீடு பார்க்கும் படலம்

கூட்டேரிப்பட்டில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் கூட்டுரோட்டு டீக்கடையில் ஒரு வார்த்தை போட்டுவைத்தால் போதும். டீ ஆறுவதற்குள் "நீ யாரு வூட்டுப் புள்ள?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பதில் சரியாக இருந்தால் சாயங்காலமே சாவி கிடைக்கும். சரியில்லை என்றால், நேற்றுவரை காலியாகக் கிடந்த வீட்டுக்குத் திடீரென்று யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். எந்தப் பதில் சரி, எது தவறு என்பதை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து மயிலம் வழியாகப் போனால் புதுச்சேரி. புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரிஸ் ஒருவகையில் பக்கத்து ஊர்தான். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி நிர்வாகத்தை ஒப்படைத்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி உறுதியானது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா'க்களின் பிள்ளைகளும் பாரிசின் புறநகர்களில் பரவியிருக்கிறார்கள். எண்பதுகளில் இருந்து ஈழத்தமிழர்கள் வந்து, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதியை ஒரு தமிழ்க் கடைத்தெருவாகவே மாற்றிவிட்டார்கள். முருங்கைக்காய் கிடைக்கிறது, மல்லிகைப்பூ கிடைக்கிறது. இத்தனை நம்மவர்கள் இருக்கும் ஊரில் ஒரு வீடா கிடைக்காது என்ற தெம்போடுதான் கூட்டேரிப்பட்டு இளைஞர் வேலைக்கு வந்து இறங்குகிறார். பெயர் எதற்கு? அவரைப் போல ஆண்டுதோறும் பலர் வருகிறார்கள்.

முதலில் சார்செல் அல்லது லா கூர்நேவில் தெரிந்தவர் வீட்டு ஹாலில் ஒரு பாய். அது உபசாரம், தங்குமிடம் அல்ல என்பது சீக்கிரமே புரிந்துவிடும். ஏனென்றால் இந்த நாட்டில் மனிதர் இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி அவருடைய முகவரி. வங்கிக் கணக்கு தொடங்க முகவரி வேண்டும். வாடகை கட்ட வங்கிக் கணக்கு வேண்டும். தங்கும் அனுமதி அட்டைக்கும் முகவரிச் சான்று வேண்டும், அதுவும் ரொம்பப் பழசாக இருக்கக் கூடாது. "இவர் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்" என்று தெரிந்தவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு தன் அடையாள அட்டை நகலையும் மின்சார பில்லையும் இணைத்துத் தந்தால்தான் இந்தச் சக்கரம் ஒரு பல் நகரும்.

அடுத்தது தொசியே. வீடு கேட்பவர் கொடுக்க வேண்டிய ஆவணக் கோப்புக்கு அதுதான் பெயர். அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரி அறிவிக்கை. சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத, ஆனால் எல்லா ஏஜென்சிகளும் கும்பிடும் விதி. வேலையும் காலவரையற்ற ஒப்பந்தமாக இருக்க வேண்டும். பயிற்சிக் காலம் முடிந்திருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் வந்து இறங்கிய ஆளிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும் என்று கேட்டால், ஏஜென்சிக்காரர் அனுதாபத்தோடு தலையை ஆட்டுவார். பாரிசில் அனுதாபத்துக்குத் தட்டுப்பாடே இல்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். என்னென்ன காகிதம் கேட்கலாம் என்பதை 2015 நவம்பர் ஆணை ஒன்று பட்டியல் போட்டே வைத்திருக்கிறது. வங்கி வரவு செலவுக் கணக்கைக் கேட்கக் கூடாது, கல்யாணப் பத்திரத்தைக் கேட்கக் கூடாது. பூர்வீகம், மதம், குடும்பப் பெயர் இவற்றைக் காரணம் காட்டி மறுப்பது குற்றம். அதனால் யாரும் காரணம் காட்டுவதில்லை. திரும்பக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். கூட்டேரிப்பட்டு டீக்கடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே கேள்வியைக்கூட வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள் என்பது.

பிறகு ஜாமீன்தாரர். வாடகை நின்றுபோனால் நான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். "அப்பாவுக்கு மல்லாட்டை போடுற நெலம் இருக்குன்னு சொல்லு, கெணறும் இருக்குன்னு சொல்லு" என்கிறார் அம்மா போனில். ஜாமீன்தாரர் பிரெஞ்சுக் குடிமகன் அல்ல, பிரான்சில் வசிக்கவில்லை என்பதற்காக அவரை நிராகரிக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கிணற்றோடு சேர்ந்த நிலத்தைப் பாரிசிலிருந்து ஜப்தி செய்வது எப்படி என்று வீட்டுக்காரர் யோசிப்பாரா மாட்டாரா? இப்படி ஜாமீனுக்கு ஆள் இல்லாதவர்களுக்காகவே 2016 முதல் விசால் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. முப்பது வயது வரை உள்ளவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வேறு சிலருக்கும் காசு வாங்காமல் ஜாமீன் நிற்கும். ஊரில் தாய்மாமன் கூடச் செய்யத் தயங்கும் காரியம் இது.

இனி வீடு. சட்டப்படி வாடகைக்கு விடும் வீட்டின் பிரதான அறை குறைந்தது 9 சதுர மீட்டர் இருக்க வேண்டும், கூரை 2.20 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 கன மீட்டர் கொள்ளளவாவது வேண்டும். நம் கணக்கில் நூறு சதுர அடிகூட இல்லை. பழைய மாளிகைக் கட்டடங்களின் உச்சியில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு அடியில், அந்தக் காலத்தில் வேலைக்காரிகள் தூங்குவதற்காகக் கட்டிய அறைகள் இருக்கின்றன. பல இடங்களில் லிப்ட் கிடையாது. பின்பக்கத்து வேலைக்காரர் படிக்கட்டுதான். அப்படி ஒன்றை வீடியோவில் காட்டினால் உரையாடல் இப்படிப் போகும்:

"அடுப்பாங்கரை எங்கடா?"

"கட்டிலுக்குப் பக்கத்துல."

"குளிக்கிற எடம்?"

"அடுப்புக்குப் பக்கத்துல."

"கக்கூசு?"

"வெளிய, வராந்தாவுல. நாலு வீட்டுக்குப் பொது."

"நம்ம மாட்டுக்கொட்டாய் இதவிடப் பெருசுடா." அம்மா சொல்வதில் மிகை ஏதும் இல்லை.

அந்த அறையைப் பார்க்கவும் படிக்கட்டு நெடுகத் தொசியேயும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள். செப்டம்பர் வந்தால் மாணவர்களும் சேர்ந்துகொள்ள வரிசை தெருவுக்கே வந்துவிடும். ஆகஸ்டில் போகலாமென்றால் ஏஜென்சிக்காரர்களே கடற்கரைக்கு விடுமுறை போயிருப்பார்கள். ஆடியில் குடி போகக் கூடாது என்ற நம் ஊர் விதியைப் பாரிஸ் தன்னை அறியாமலேயே ஏறக்குறைய கடைப்பிடிக்கிறது. மற்றபடி பஞ்சாங்கத்துக்கு இங்கே மரியாதை இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குச் சாவி தருகிறேன் என்றால், ராகுகாலம் என்று சொல்லித் தள்ளிப்போட முடியாது. அடுத்த ஆள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சாவியோடு வருவது ஒரு நீண்ட பட்டியல். சுவரில் எத்தனை ஆணி ஓட்டை, தரையில் எங்கெங்கே கீறல், குழாய் சொட்டுகிறதா என்று ஒன்றுவிடாமல் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத சங்கதிகள்தான் பிறகு ஆளைப் படுத்தும். குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்காது. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டால், அது கீழ்வீட்டுக் கூரையில் பழுப்பு வரைபடமாக இறங்கும். குடித்தனக்காரர் வீட்டுக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டத்தின் அருமை அன்றைக்குத் தெரியும். அடுத்தது சாம்பிராணி. 2015 மார்ச் 8 முதல் பிரான்சில் ஒவ்வொரு வீட்டிலும் புகை உணர்கருவி கட்டாயம். முருகன் படத்துக்கு முன்னால் தூபம் போட்டதும் அது கட்டடமே அதிரக் கத்தும். ஸ்டூலைப் போட்டு ஏறித் துண்டால் விசிறுவதும் இப்போது பூஜை முறையில் சேர்ந்துவிட்டது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று ஊரில் கேட்கிறார்கள். பதில் சட்டத்தில்தான் இருக்கிறது. ஒருமுறை உள்ளே போய்விட்டால் குடித்தனக்காரரை அசைப்பது லேசான காரியமில்லை. தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீட்டை ஒரு தனிநபர் வாடகைக்கு விட்டால் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. கெடு முடியும்போதுதான், அதுவும் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லி, வீட்டை விற்கவோ தானே குடியேறவோ வேறு தக்க காரணத்துக்காகவோ காலி செய்யச் சொல்லலாம். குடித்தனக்காரரோ பாரிசில் ஒரு மாத நோட்டீசில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். வாடகை பாக்கி என்றாலும் கோர்ட்டுக்குப் போய்த்தான் வெளியேற்ற முடியும்; அப்போதும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சில விலக்குகள் தவிர, யாரையும் வீதிக்கு அனுப்பக் கூடாது. 1954 குளிர்காலத்தில், வீட்டைவிட்டு வெளியேற்றிய காகிதத்தைப் பிடித்தபடியே ஒரு பெண் பாரிஸ் நடைபாதையில் உறைந்து செத்துக் கிடந்தார். அபே பியேர் என்ற பாதிரியார் பிப்ரவரி 1 அன்று வானொலியில் அதைச் சொல்லி முறையிட்டதும் நாடே குலுங்கியது. 1956இல் குளிர்காலத் தடை சட்டமானது. உள்ளே விட்டால் எளிதில் வெளியே அனுப்ப முடியாது என்ற பயம்தான் வீட்டுக்காரரை வாசலிலேயே இத்தனை காகிதம் கேட்க வைக்கிறது. நம் ஊரில் வாசல் பேச்சு சுருக்கம். வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் அதே சுருக்கத்தில் முடியும்.

ஊர்க்காரர்கள் நம்பவே மறுக்கும் விஷயம் அட்வான்ஸ்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் நாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்றது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய என்று ஒரு வாலையும் சேர்த்தது. எல்லோரும் அந்த வாலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இங்கே சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, சாமானோடு என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் வாங்க முடியாது. பட்டியல்படி வீடு சரியாக இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்த ஒரு மாதத்துக்குள் பணம் திரும்ப வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகையில் பத்து சதவீதம் அபராதம். "வூட்டுக்காரன் அபராதம் கட்டுவானா?" என்று அம்மா மறுபடி மறுபடி கேட்டார். வெள்ளையடித்த செலவு என்று எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் பாரிசிலும் உண்டு என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மனம் சமாதானமாயிற்று.

சில ஆண்டுகளில் நம் இளைஞருக்கு நிரந்தர வேலை, வரி அறிவிக்கை, சொந்தப் பெயரில் மின்சார பில் எல்லாம் வந்துவிடுகின்றன. அப்போது கூட்டேரிப்பட்டிலிருந்து தாய்மாமன் கூப்பிடுகிறார்: "மாப்ள, உன் மச்சான் அங்க படிக்க வர்றான். வூடு பாக்கணுமாம். ஜாமீனுக்கு நீ ஒரு கையெழுத்து போட்டுடு."

"அதுக்கென்ன மாமா, போட்டுடலாம். மொதல்ல அவனோட காலேஜ் சேர்க்கைக் கடிதத்தையும், பேங்கு கடன் பத்திரத்தையும், உங்க மூணு மாசச் சம்பளச் சீட்டையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்க."