பூட்டுக்கு ஏற்ற சாமான்

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன அந்தக் கால ஜீப்புகளில் பலவற்றுக்குக் கதவே இருக்காது. மேலே தார்ப்பாய், பக்கவாட்டில் மழைக்கு மட்டும் இறக்கிவிடும் படுதா. அப்பா வைத்திருந்த மகிந்திரா கமாண்டரும் அப்படித்தான். விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முனகி ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் இறக்கிவிடும். பொழுது சாயத் திரும்பும். சனிக்கிழமைதான் விசேஷம். முதலாளிகள் இருப்பது போடியில், சம்பளப் பட்டுவாடா மலையில். ஒரு வாரக் கூலி முழுவதும் ரொக்கமாக அந்தக் கதவில்லாத வண்டியில்தான் ஏறும்.

அதற்காக ஒரு பெட்டி. உடைப்புக்குப் போன லாரி ஒன்றின் தகட்டை வெட்டி மடக்கிப் பட்டறைக்காரர் ஒருவர் அடித்துக் கொடுத்தது. மூடிக்கு வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற கீல். அது வெளிப்பக்கம் இருந்ததால் ஆணியை வைத்து முள்ளைத் தட்டினால் போதும், பூட்டைத் தொடாமலே மூடி கையோடு வந்துவிடும். பின்னால் நெடுக ஓடும் பெஞ்சுக்கு அடியில், தரைத் தகட்டில் இரண்டு துளை போட்டு போல்ட் முறுக்கியிருந்தார். நட்டு வண்டிக்கு அடியில். ஸ்பானரோடு ஒருவன் மல்லாந்து படுத்து எழுந்தால் பெட்டியைப் பூட்டோடு தூக்கிப் போகலாம். பூட்டு மட்டும் அசல் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, கை நிறைந்து கனக்கும். அதன் சாவி முருகன் படத்துக்குப் பின்னால் தொங்கும். அது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

பணம் ஒருநாளும் போனதில்லை. அதற்குக் காரணம் பூட்டு அல்ல, கங்காணி அக்கா. பெட்டிக்கு நேர் மேலே பெஞ்சில் உட்காருவது அவர்தான். இரண்டு பக்கமும் தோளோடு தோள் இடிக்கப் பெண்கள், காலடியில் தூக்குவாளிகள், கொங்காணிகள். அவர்களை விலக்கிப் பெட்டியை நெருங்குவதைவிட பேங்க் லாக்கரை உடைப்பது சுலபம். (அந்த நெரிசலை நான் மெச்சவில்லை. அப்படி அடைத்துப் போய் மலையில் கவிழ்ந்த ஜீப்புகளும் உண்டு.)

இப்போது என் அக்கா மகன் தார் வைத்திருக்கிறான். 2020இல் புது உருவில் வந்ததே, அது. கெட்டிக் கூரையோடும் கிடைத்தது. காற்று வேண்டும் என்று மடக்குகிற துணிக்கூரை வாங்கினான். பிளேடு ஒன்றுக்குத் தாங்காத அந்தக் கூரையை நம்பி எதை வைப்பது என்ற கவலையும் வண்டியோடு வந்து சேர்ந்தது. ஆகவே, ஒரு பெட்டி.

"தாத்தா பெட்டி மாதிரி இல்ல மாமா, இது இன்ஜினியரிங்" என்றான். முதலில் அட்டையில் ஒரு பெட்டி செய்து, பின் சக்கரங்களின் மேடுகளுக்கு நடுவே வைத்து, அங்குமிங்கும் நறுக்கி அளவு பிடித்தான். அந்த அளவுக்கு 2 மி.மீ. தகடு லேசரில் வெட்டி வந்தது. கடப்பாரை நுனி நுழைய இடம் கொடாமல் மூடியின் விளிம்பு பெட்டிமேல் மடங்கி இறங்குகிறது. கீல் உள்ளே. போல்ட்டின் தலையும் உள்ளே. பெட்டியைத் திறந்தவன்தான் பெட்டியைக் கழற்ற முடியும். வண்டித் தரை மெல்லிய தகடு, வெறும் வாஷரை நம்பி முறுக்கினால் நெம்பும்போது துளை கிழிந்து போல்ட் மேலே வந்துவிடும். அதனால் அடியில் கனமான பட்டை கொடுத்து இறுக்கினான். துளை போடுமுன் கீழே படுத்து பிரேக் குழாயும் ஒயரும் எந்த வழியாகப் போகின்றன என்று டார்ச் அடித்துப் பார்த்தான். ஆடி ஓசை வராமலிருக்க உள்ளே கம்பளித்துணி, வெளியே கறுப்பு பவுடர் கோட்டிங். குறை சொல்ல ஒன்றுமில்லை. தாத்தா பெட்டியின் ஓட்டைகள் ஒவ்வொன்றுக்கும் பேரன் பெட்டியில் பதில் இருக்கிறது.

பூட்டு, விரல்ரேகைப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லிப் பார்த்தேன். "தொங்கு பூட்டெல்லாம் கட்டர் வெச்சா போயிரும் மாமா." அதுவும் உண்மைதான். ஆனால் மேட்டில் மூடுபனி இறங்கி விரல் நனைந்தால் பெட்டி முதலாளியையே மறந்துவிடுகிறது. கங்காணி அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, வேடிக்கைக்காக அவர் ரேகையைப் பதியப் பார்த்தான். பெட்டி ஏற்கவில்லை. வயதெல்லாம் ஏலக்காய் எடுத்துத் தேய்ந்த விரல். "ரேசன் கடை மிசினே என்னய ஆளா மதிக்கல, இது மதிக்குமாக்கும்" என்று சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தார்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று திறக்கச் சொன்னேன். கூலிங் கிளாஸ், சார்ஜர் ஒயர், பாதி தின்ற சிப்ஸ் பொட்டலம். பணம் போனில். லைசென்ஸும் ஆர்சியும் டிஜிலாக்கரில், அதாவது அதே போனில். போன் சட்டைப்பையில்.

சேற்றில் சிக்கினால் இழுக்கும் பட்டையும் கொக்கிகளும் விலை கூடியவை. பெட்டியில் அடங்காமல் வெளியே கிடக்கின்றன. அவற்றுக்கென்று இன்னொரு பெட்டிக்கு அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறான். பின் இருக்கையைக் கழற்றிவிட்டால் இடம் சரியாக வருமாம்.

"அப்ப நாங்க எங்கடா உக்கார்றது?" என்றாள் அக்கா.

"நீங்கல்லாம் மாமா கார்ல வந்துருங்கம்மா."