குரல் எட்டாதவர்

ஜீ. ஜீ. பொன்னம்பலம் மேடை ஏறினால் ஒலிபெருக்கி வெறும் சம்பிரதாயம்தான். 1934இல் பருத்தித்துறை அவரைத்தான் அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவரோடு தமிழ்க் காங்கிரசில் இருந்த எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் குரலோ முன்வரிசையைத் தாண்டாது. 1949இல் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் காங்கேசன்துறையில் தோற்றார், ஆள் பதறவில்லை. 1956இல் அவர் கட்சிக்கு 10 ஆசனம், காங்கிரசுக்கு ஒன்றே ஒன்று. கேட்காத குரலைக் கேட்பதற்காகவே சனம் வாயை மூடியிருக்க வேண்டும்.

பருத்தித்துறை மட்டும் அந்த முறை இடிமுழக்கமும் வேண்டாம், சாந்தமும் வேண்டாம் என்று கம்யூனிஸ்ட் பொன். கந்தையாவைத் தெரிவுசெய்தது. வடமராட்சிக் குணம்!

இப்போது சாந்தம் மலிந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் நாலுபேர் தொண்டை கிழியக் கத்த, ஒருவர் மட்டும் தட்டை வடையை நொறுக்கிக்கொண்டிருப்பார்.

“அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?”

பிளேன்ரீயில் ஒரு மிடறு. பிறகு, “பாப்பம்.”

ஆழமான மனிசன் என்று கோயில் நிர்வாகசபைக்கு அவரையே தலைவராக்கினார்கள். கணக்கறிக்கையை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை.