கொடிகாமத்தில் இறங்கிய துரைமார்

கொலம்பஸ் கொடிகாமம் ஸ்ரேசனில் இறங்கியிருந்தால் அவருடைய சரித்திரம் வேறு மாதிரி முடிந்திருக்கும். "எப்ப வந்தனியள்? எப்ப போறியள்?" என்று இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். அமெரிக்காவைப் பற்றி அவர் வாயெடுப்பதற்குள், "அங்கை தேங்காய் என்ன விலை?" என்று மூன்றாவது வந்திருக்கும்.

இந்த விசாரணைக்கு முதலில் அகப்பட்டவர்கள் மலாயாக்காரர். கொழும்பிலிருந்து கொடிகாமம் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி முழுப்பாதையும் ஓடத் தொடங்கியது 1905இல். அதற்கு முன்பே எங்கள் ஆட்கள் கப்பலேறிவிட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு மலாயாவில் ரயில் விடவேண்டியிருந்தது. எங்களிடம் மிசன் பள்ளிக்கூடத்து இங்கிலீசும், இரண்டு பரப்புக் காணிக்கு ஆறு பேர் அடிபடும் முதுசமும் இருந்தன. கணக்குச் சரியாகப் பொருந்தியது. கிளாக்கராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் போனவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் குடியேறினார்கள். முருகனையும் விடவில்லை, அங்கேயே ஒரு கந்தசுவாமி கோயில் கட்டிக் குடியிருத்தினார்கள்.

பிறகு பென்சனோடு ஊர் திரும்பினார்கள். கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாய் இறங்கியவர், காட்டு ஸ்ரேசனில் புலியை நேருக்கு நேர் பார்த்த கதையை வேலிக்கு வேலி சொன்னார். ஒவ்வொரு ஆடிப்பிறப்புக்கும் புலி ஒரு முழம் வளர்ந்தது. மனிதர் முப்பது வருசமாய் நேருக்கு நேர் பார்த்தது ரிக்கற் கட்டையும் கணக்குப் பேரேட்டையும்தான் என்பது ஊருக்குத் தெரியும். கூழ் ஆறும்வரை புலி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

துரையின் மிடுக்கை இறக்கி வைக்கவென்றே ஸ்ரேசனுக்கு வெளியே தட்டிவான் நின்றது. மரத்தாலான உடம்பு, தலையில் மூட்டை, பின்தட்டியில் தொங்கும் சனம். பருத்தித்துறைப் பக்கம் போகிறவர் அதில்தான் ஏறவேண்டும். கத்தரிக்காய்ச் சாக்குக்கும் கருவாட்டுக் கடகத்துக்கும் நடுவே குந்தியவுடன் பிரித்தானியப் பேரரசு வரணி வரும் முன்னமே சரிந்துவிடும்.

1956இல் அரசாங்கம் யாழ்தேவிக் கோச்சியை விட்டது. அதே ஆண்டு சிங்களம் மட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தது. கொழும்புக்குக் கெதியாய்ப் போகலாம், போய்ச் சேர்ந்தபின் வாய் திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு.

1983 கலவரத்துக்குப் பிறகு ஆட்கள் லண்டன், பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்று சிதறினார்கள். 1990இல் போரால் யாழ்தேவியும் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குள் இறங்கின. வெளிநாட்டுக்காரர் வரமுடியவில்லை, அவர்களுடைய படங்கள் வந்தன. பனிக்குள், யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து நின்று எடுத்தவை. கார் யாருடையது என்று தாய்மார் கேட்கவில்லை, "பிள்ளை மெலிஞ்சு போனான்" என்றார்கள்.

அந்த நாளில் உண்மையான பிரயாணி ஊரிலேயே இருந்தான். கொழும்புக்குப் போக புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுத்து, இரவில் கிளாலிக் கடனீரேரியை வள்ளத்தில் கடந்து, கடற்படையின் கண்ணுக்கும் துவக்குக்கும் தப்பி அக்கரை சேரவேண்டும். அதைக் கடந்த கொடிகாமத்து ஆச்சிக்கு முன்னால் வாஸ்கோ ட காமா சின்னப்பொடியன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு வந்தது. எங்கள் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய உறவினர் வருகை கிடையாது. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பள்ளிக்கூடம், கோயில், மாட்டுக் கொட்டில், மாமர நிழல் எல்லாம் நிரம்பின. அன்றைக்கு "எப்ப வந்தனியள்?" என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது கேள்விக்கு வாயே எழும்பவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. கனடாக்காரர் முகமாலையில் இராணுவம், இயக்கம் என்று இரண்டு தரப்புக்கும் பெட்டியைத் திறந்து காட்டி, கோடாலித் தைலமும் சொக்கிளேற்றும் ஆயுதமல்ல என்று நிரூபித்து, சுங்கமும் கட்டிவிட்டு வந்தார்கள். 2006இல் பாதை மூடியது. 2009இல் போர் முடிந்தது. 2014 ஒக்ரோபரில் கோச்சி மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது.

இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு ஏசி வானில் வருகிறார்கள். சொல்வதற்குத்தான் ஒன்றுமில்லை. ஸ்காபரோவில் புட்டு அவியும்போதே வட்ஸ்அப் வழியாகக் கொடிகாமத்துக்கு மணக்கிறது. ஆனாலும் விடமாட்டார்கள், நயாகராவைப் போனில் ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். ஆச்சி "ஓமோம், நல்ல தண்ணி" என்கிறா.

ஓகஸ்டில் வரப்போகிற அண்ணைமாரே, அக்காமாரே, ஒரு முறையாவது போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, ஆச்சியிடம் கிளாலியைப் பற்றிக் கேளுங்கள். ஊரை விட்டுப் போகாதவர்கள் உங்களைவிட அதிகம் பிரயாணம் செய்திருக்கிறார்கள்.