நள்ளிரவு 1.30க்குத் தலையணை கடிக்கும் மருமகன்: வாவிக்கரை உதைபந்துப் பக்தர் பற்றிய பூர்வாங்க ஆய்வு

மட்டக்களப்பு வாவியில் பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1848இல் எமர்சன் டெனன்ட் துரை தோணியேறிப் போய் அந்த ஓசையைக் கேட்டு, பிறகு தன் நூலிலும் எழுதி வைத்தார். அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவே செய்தார். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்குப் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற நுனியில் காதை ஒட்டிவைத்தால் கேட்கும் என்பது ஊரறிந்த முறை. ஆனால் பௌர்ணமியோ அமாவாசையோ பாராமல், செவ்வாய் புதன் இரவுகளில், 1.30க்கும் 3.30க்கும் இடையில், கரையோர வீடுகளுக்குள்ளிருந்து வரும் அதேபோன்ற அமுங்கிய ஓசையைப் பற்றி எந்தத் துரையும் எழுதவில்லை, எந்த அடிகளாரும் பதிவு செய்யவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒரே ஆள் என்பதால் களப்பணிக்குப் போக்குவரத்துச் செலவு எதுவும் ஏற்படவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

முதலில் சொற்பொருள். ரசிகர் வேறு, பக்தர் வேறு. நாலு வருடத்துக்கு ஒருக்கால் கூரையில் பிரேசில் கொடியோ ஆர்ஜென்ரீனாக் கொடியோ கட்டுகிறவர் ரசிகர். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடிவிட்டு அடுத்த ஆடிவரை கோயில் பக்கம் திரும்பாதவரைப் போன்றவர் அவர். சனங்கள் நிறைந்திருக்க வேண்டும், கச்சான் விற்க வேண்டும், அப்போதுதான் அவருக்குப் பக்தி வரும். நாம் ஆராயும் பக்தரோ ஓகஸ்டில் தொடங்கி மே மாதம்வரை, கிழமைக்கு இரண்டு தரம், ஆள் அரவம் இல்லாத நேரத்தில், தான் ஒருநாளும் கால்வைக்காத ஓர் ஊரின் கழகத்துக்காக நித்திரை முழிப்பவர். லிவர்பூல் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்று கேட்டால் மேர்சி என்று உடனே சொல்லுவார். தன் வீட்டுப் பின்வளவுக்கு அப்பால் வாவி எத்தனை அடி ஆழம் என்று கேட்டால் தலையைச் சொறிவார்.

இவர்கள் வெபர் மைதானத்துக்குப் போவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நியூ ஓர்லீன்சிலிருந்து வந்து இந்த ஊர்ப் பெடியன்களை ஓடவும் குதிக்கவும் பழக்கிய வெபர் அடிகளாரின் பெயரில் நகரத்துக்குள்ளேயே மைதானம் இருக்கிறது. பின்னேரங்களில் அங்கே பந்தடி நடக்கிறது. என் வீட்டுக்கு றால் கொண்டுவரும் பெடியன் அங்கே ஒரு இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்டான். அது மூன்று நாள் கழித்து, றால் நிறுக்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அதே மூன்று நாளும் லிவர்பூலின் வலதுபக்கப் பின்கள வீரருக்குத் தொடைத் தசையில் என்ன கோளாறு என்பதை மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. றாலுக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்தேன்.

பக்தி எவ்வழியாகக் கடத்தப்படுகிறது என்பதே அடுத்த கேள்வி. மட்டக்களப்பில் குடி தாய்வழி வருகிறது. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்தவே அரை நாள் போகும். என் கருதுகோள், குடி தாய்வழி வந்தால் கழகம் தாய்மாமன் வழி வருகிறது என்பது. தகப்பனுக்கு இதில் பங்கில்லை. உன் வாப்பாவின் பங்களிப்பு என்ன என்று கேட்டபோது காத்தான்குடிக் கூட்டாளி ஒருவன், “மின்சார பில் கட்டினது” என்றான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். லிவர்பூலை எனக்குத் தந்தவர் ஆரையம்பதியில் இருந்த என் தாய்மாமன். அவர் சேர்ந்தது லிவர்பூல் 1990இல் லீக் பட்டத்தை வென்ற அடுத்த வருடம். அதற்குப் பிறகு அவர்கள் அதை மறுபடி வென்றது 2020இல். முப்பது வருடம். இடையில் ஒரு தடவை மாமாவின் மனைவி அவரிடம், “நீங்க சேர்ந்ததாலதான்” என்று சொல்லிவிட்டா. மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இனி நேரம். இங்கிலாந்தில் பின்னேரம் மூன்று மணி என்றால் மாரியில் நமக்கு இரவு 8.30. அவர்கள் மணிக்கூட்டை முன்னே தள்ளும் கோடையில் 7.30. இது மனிதருக்கு ஏற்ற நேரம். இதில் ஆய்வுக்கு ஒன்றுமில்லை. ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள்தான் மாரியில் 1.30க்கும் கோடையில் 12.30க்கும் தொடங்கி மனிதனைச் சோதிப்பவை. ஆனால் நேரம் என்பது ஒன்றா இரண்டா என்ற தத்துவச் சிக்கலை உதைபந்து வழியாகச் சந்தித்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

1996இல் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல்வரை அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அந்தப் புது நேரத்தை ஏற்கவில்லை. வாவிக்கு இந்தப்பக்கம் எழுவான்கரை, அந்தப்பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. அப்போது மண்முனையில் பாலம் கிடையாது. ‘பாதை’ என்ற மிதவையில் ஏறிக் கால் மணித்தியாலம் மிதந்தால், இறங்கும்போது அரை மணித்தியாலம் இளமையாகிவிடலாம்.

2005 மே 25 இரவு, பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். இஸ்தான்புல்லில் லிவர்பூலுக்கும் ஏசி மிலானுக்கும் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். மாமா வீட்டில் 12.45க்குத் தொடங்கியது. முதல் நிமிசத்திலேயே மால்டினி ஒன்று போட்டார், கிரெஸ்போ இரண்டு போட்டார், இடைவேளைக்கு 3-0. மாமா எழும்பி ரீவியை நிப்பாட்டிவிட்டு, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். ஓ.எல் வருடத்துப் பெடியன் நான், எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. 54ஆம், 56ஆம், 60ஆம் நிமிசங்களில் ஜெராட், ஸ்மிசர், அலொன்சோ என்று மூன்று கோல் விழுந்ததும் பிறகு பெனால்டியில் வென்றதும் காலையில்தான் தெரிந்தது. சொன்னவர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து பாதையில் வந்த மாமாவின் கூட்டாளி. பற்றரியில் ரேடியோ கேட்டவர்.

மாமா யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போட்டார். ஜெராட் கோல் போட்டபோது இங்கே கிட்டத்தட்ட இரண்டு மணி. அங்கே ஒன்றரை. அப்படியென்றால் இந்த மனிசனுக்கு அரை மணித்தியாலம் முந்தியே தெரிந்திருக்கிறது. “நான் படுக்கப்போகக்குள்ளயே உனக்குத் தெரியும், ஏன்டா வந்து சொல்லல்ல?” என்று கேட்டார். அந்தக் கூட்டாளி சாகும்வரை இதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த பௌதிக ஆசிரியர் ஒருவரும் மாமா சொல்வதில் எங்கோ பிழை இருக்கிறது, ஆனால் எந்த இடத்தில் என்று பிடிபடவில்லை என்றார்.

இப்போது வீடு. இந்தப் பிரதேசத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும் சீதனம். கலியாணம் கட்டிய ஆம்பிளை மனைவி வீட்டுக்குப் போவான். சமூகவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ரீவி மாமியாருடையது, விறாந்தை மாமியாருடையது, நடுச்சாமத்தின் அமைதியும் மாமியாருடையது என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்கள். யாழ்ப்பாணத்து மருமகனோ கொழும்பு மருமகனோ கோல் விழுந்தால் கத்தலாம். மட்டக்களப்பு மருமகன் கத்த முடியாது. அவனுக்குள்ளே ஒரு புது உறுப்பு வளர்ந்திருக்கிறது. வாய் திறக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கை இரண்டும் மேலே போகும், சத்தம் மட்டும் தலையணைக்குள்ளே போய் முடியும்.

அந்த உறுப்பு எனக்கு வளர்ந்த இரவு துல்லியமாகத் தெரியும். 2016 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்புக் கிழமை. கலியாணம் முடித்து நாலு மாதம். மனைவியின் சொந்தம் எல்லாம் வந்து நடுவறையில் பாய் பாயாகப் படுத்திருக்கிறது. தலைமாட்டில் பலகாரப் பெட்டி, கால்மாட்டில் யாரோ ஒரு பெரியப்பா. நான் போர்வைக்குள் ஃபோனோடு. லிவர்பூலும் டோர்ட்முண்டும், 12.35க்குத் தொடக்கம், ஒன்பதாவது நிமிசம் முடியும்போது நாங்கள் 0-2. 57ஆவது நிமிசத்தில் 1-3. பெரியப்பா குறட்டை விடுகிறார். கூட்டின்யோ ஒன்று, சாக்கோ ஒன்று, 3-3. இன்னொன்று தேவை. தொண்ணூறு தாண்டி ஒரு நிமிசம், வலதுபக்கமிருந்து மில்னர் தூக்கிக் கொடுக்க லொவ்றன் தலையால் அடித்தார்.

தலையணையைக் கடித்தேன். அது போதவில்லை. கால் தானாக எழும்பிப் பெரியப்பாவின் விலாவில் விழுந்தது. அவர் “ஐயோ” என்று எழும்ப, லைற் வந்தது. போர்வைக்குள் ஒரு புது மருமகன் கண் பிதுங்கி, பல்லைக் கிட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்கக் கிடக்கிறான். மாமி குசினியிலிருந்து ஓடிவந்தா.

“புள்ள, இஞ்ச வாகா! உன்ட புருசனுக்கு என்னமோ செய்யுது!”

திருநீறு பூசினார்கள். வெந்நீர் தந்தார்கள். உதைபந்து என்று சொல்ல வெட்கத்தில், கனவு என்றேன். கனவு என்றதுதான் பிழையாகப் போனது. அடுத்தநாள் காலை வெள்ளென என்னைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், கட்டாடியாரைக் கொண்டு மணிக்கட்டில் நூல் கட்டுவித்தார்கள். அடுத்த சுற்றில் வில்லாரியலைப் புரட்டி இறுதியாட்டத்துக்குப் போனபோது அந்த நூலின் மகிமை எனக்கு விளங்கியது. குளிக்கும்போதும் நனையாமல் காப்பாற்றினேன். மே 18இல் பாசல் நகரத்தில் செவில்லா 3-1 என்று வென்றது. கட்டாடியார் கட்டியது பேய்க்கு. செவில்லாவுக்கு என்று நாங்கள் சொல்லவில்லை.

இங்கே கண்ணகி அம்மனைக் குறிப்பிட வேறொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய உதைபந்துப் பருவம் முடிவது மே கடைசியில். இந்தக் கரையில் கண்ணகி கோயில்களின் கதவு திறந்து, சடங்கு நடந்து, திருக்குளிர்த்தியோடு முடிவது வைகாசியில். ஒன்பது மாதம் ஏறிய சூடு இரண்டு இடத்திலும் ஒரே காலத்தில்தான் தணிகிறது. இதைத் தற்செயல் என்பவரோடு எனக்கு வாதமில்லை. ஆனால் கொம்புமுறியையும் தற்செயல் என்று சொன்னால் விடமாட்டேன். ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்பை ஒன்றோடொன்று கொழுவிக் கயிறு கட்டி இருபக்கமும் இழுப்பார்கள். ஒன்று முறியும். முறிந்த பக்கத்தாரைப் பார்த்து வென்ற பக்கத்தார் வசை பாடுவார்கள், அதுவும் பாட்டாக, எதுகை மோனையோடு. மழைக்காகவும் நோய் நீங்கவும் என்று தொடங்கிய விளையாட்டு சில காலங்களில் கைகலப்பிலும் முடிந்ததாகப் பெரியவர்கள் சொல்லுவார்கள். இங்கிலாந்தில் 1863இல் ஆட்டத்துக்குச் சட்டம் எழுதியபோது, எதிரியைப் பாட்டுப்பாடி அவமதிக்கும் பகுதிக்கு அவர்கள் விதி எழுதவில்லை. எழுத வேண்டியிருந்தால் ஆரையம்பதிக்கு ஆளனுப்பியிருக்கலாம்.

என் ஆய்வின் மிகப் பெரிய பின்னடைவு 2023 மார்ச் 5 இரவு 10 மணிக்கு நேர்ந்தது. லிவர்பூல், மன்செஸ்டர் யுனைட்டட்டை 7-0 என்று அடித்தது. 10 மணி என்பதால் சத்தத்துக்கு அனுமதி இருந்தது. மாமியும் வெத்திலைத் தட்டத்தோடு வந்து கதிரையில் இருந்தா. நாலாவது கோலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவதுக்குப் பாக்கு வெட்டுவதை நிப்பாட்டினா. ஏழாவது விழ நான் துள்ளிக்கொண்டிருக்க, மாமி சொன்னா: “போதும் மகன். பாவம் அந்தப் பொடியனுகள். அவங்களையும் ஒரு தாய்தானே பெத்த.”

அன்றோடு மாமி யுனைட்டட். தாய்மாமன் விதிக்கு இது முழு முரண். என் கருதுகோளில் இரக்கம் என்ற மாறியை நான் சேர்த்திருக்கவில்லை. ரொறன்ரோவிலிருக்கும் என் சகலன் யுனைட்டட்காரன். செய்தி அவனுக்குப் போய், ஒரு மாதத்தில் சிவப்பு ஜேர்சி ஒன்று பார்சலில் வந்தது. மாமி அதைப் போடவில்லை, மடித்து அலுமாரியில் சீலைகளுக்கு நடுவே வைத்தா. நான் ஒரு தடவை லிவர்பூலும் சிவப்புத்தான் என்று சமாதானம் பேசிப் பார்த்தேன். “நாங்க தென்சேரி மகன்” என்றா. பிறகு லிவர்பூல் தோற்ற காலைகளில் என் தேத்தண்ணிக்குச் சீனி கூடியது; வென்ற காலைகளில் பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும். இது வசைப்பாட்டின் நவீன வடிவம் என்பது என் துணிபு.

2024 மார்ச் 17. எஃப்.ஏ கிண்ணக் காலிறுதி, யுனைட்டட்டோடு ஓல்ட் ட்ரஃபோர்டில், நமக்கு இரவு 9 மணி. 2-2இல் மேலதிக நேரத்துக்குப் போனது. மாமி கொட்டாவி விட்டு, “எனக்கு நித்திரை வருது, நீங்க பாருங்க” என்று அறைக்குள் போனா. பேத்தியின் ஃபோன் மேசையில் இல்லாததை நான் அப்போது கவனிக்கவில்லை. எலியற் போட்ட கோலில் நாங்கள் 3-2. ராஷ்ஃபோர்ட் சமன்படுத்தினார். 121ஆவது நிமிசத்தில் அமாட் என்ற பெடியன் ஓடிவந்து இடதுகாலால் தரையோடு அடித்தான். 4-3. ஜேர்சியைக் கழற்றினதுக்கு அவனுக்குச் சிவப்பு அட்டையும் கிடைத்தது. நான் ரீவியை நிப்பாட்டினேன்.

இருட்டு. கல்லடிப் பக்கமிருந்து கடல் இரைச்சல் வந்தது. அப்போது மாமியின் அறைச் சுவருக்கு அங்காலிருந்து ஏதோ ஒன்று கேட்டது. தண்ணீருக்கடியில் அமுக்கிப் பிடித்ததைப் போல, மெல்லியதாக, நீளமாக.

எழும்பிப் போய்ச் சுவரில் காதை ஒட்டிவைத்தேன். ஊரிதான்.