டோக்கன் பெருக்கல்: தாமல் வட்டார டாக்டர் வருமானம் குறித்து ஓர் ஆய்வு

டாக்டர்கள் அனைவரும் பணக்காரர்கள் என்னும் கோட்பாடு, காஞ்சிபுரத்தை அடுத்த தாமலின் நெடுஞ்சாலையோர டீக்கடை பெஞ்சுகளில் எந்த மேற்கோளும் இன்றி நிறுவப்பட்டது. ஆய்வு முறை ஒன்றே: பெருக்கல். “டோக்கன் நாப்பத்தஞ்சு. ஆளுக்கு முந்நூறு. ரெண்டு வேளை, முப்பது நாள். போட்டுப் பாரு!” போட்டுப் பார்த்தால் மாதம் 8,10,000 ரூபாய்.

இச்சூத்திரத்தில் கழித்தல் குறி கிடையாது. கிளினிக் வாடகை, நர்ஸ் சம்பளம், கரண்ட் பில் எதுவும் இல்லை. ரிப்போர்ட்டை மட்டும் காட்ட வந்தவரும், “நம்ம பையன்தான் சார்” என்று கவுன்சிலர் அனுப்பியவரும் முந்நூறு கொடுத்ததாகவே கணக்கு. ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.டி. என்று முப்பதை நெருங்கும்வரை படித்ததும் சேரவில்லை.

வருமான வரித்துறை சற்றே இரக்கமுள்ளது. 2016 பட்ஜெட்டில் 44ஏடிஏ பிரிவாக வந்த விதியின்படி, டாக்டர் வசூலில் பாதியை லாபமாகக் காட்டினால் கணக்குப் புத்தகம் கேட்காது. உச்சவரம்பு 50 லட்சம். ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். பெஞ்சு கணக்கிலோ ஆண்டு வசூல் 97,20,000. ஆகவே அந்தச் சலுகையும் போயிற்று. பெருக்கியவர்களே டாக்டரை ஆடிட்டரிடம் தள்ளிவிட்டார்கள்.

சூத்திரத்தை வேறோர் இடத்தில் சோதிப்போம். காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த டாக்டர் ஜெயச்சந்திரன், சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் 2 ரூபாய்க்கு வைத்தியம் தொடங்கி, ‘அஞ்சு ரூபா டாக்டர்’ என்ற பெயரோடு 2018 டிசம்பரில் மறைந்தார். அதே 45 டோக்கன், அதே இரண்டு வேளை, அதே முப்பது நாள், ஐந்து ரூபாய்: மாதம் 13,500. முந்நூறு ரூபாய் டாக்டரின் ஒருவேளை வசூலும் சரியாக 13,500தான்.

எதிர்ச்சான்றும் உண்டு. 1983இல் சென்னையில் அப்பல்லோவைத் தொடங்கிய பிரதாப் சி. ரெட்டி பெரும் கோடீஸ்வரர், இதய மருத்துவர். ஆனால் அந்தச் செல்வம் வந்தது ஸ்டெதாஸ்கோப்பில் அல்ல, ஆஸ்பத்திரிக் கம்பெனியின் பங்குகளில். மறுபுறம், 2009ஆம் ஆண்டின் அரசாணை 354ஐ நிறைவேற்றக் கோரி தமிழக அரசு டாக்டர்கள் 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் முதன்மையானது ஊதிய உயர்வு. “அதான் சாயங்காலம் கிளினிக் இருக்கே” என்று பெஞ்சு இதைத் தள்ளுபடி செய்தது.

எஞ்சிய ஒரே சான்று, டாக்டரின் கார். அது பேங்க் லோன் என்றால் யாரும் நம்புவதில்லை. சரி, காரை விற்றுவிட்டு டாக்டர் பஸ்ஸில் வந்திறங்கினால்? “பிராக்டிஸ் இல்லாதவர் போல” என்று அதே பெஞ்சு எழுந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வேலூர் பஸ் ஏறிவிடும். அங்கே டாக்டர்களுக்கு மாதச் சம்பளம் மட்டும்தான்.